வாலுக்குள் ஒரு முடிச்சு

என் தங்கை தனலெட்சுமியின் புருஷன் ரெங்கசாமியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். நல்லது இல்லாமல் இல்லை. ஆனால் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அதை அவரே ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருப்பார். அவர் சொல்லாமல் விட்ட ஒன்றே ஒன்றைத்தான் நான் இங்கே சொல்லப் போகிறேன்.

மலாய் நாட்டில், செந்தூல் ரயில்வே பட்டறையில் அவருக்கு வேலை. முதல் வகுப்புப் பெட்டிகளின் இருக்கைகளுக்கு நார் அடைத்து, தோலை இழுத்துப் பிடித்துத் தைப்பார். அவர் தைத்த இருக்கையில் ஒரு சுருக்கம் இருக்காது. இருந்தால் யார் தடுத்தாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார். குடியிருப்பு பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில். நான் கிள்ளானில் ரயில் சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதுகிற கிராணி. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத ஆள் என்பதால் சனிக்கிழமை மதியம் ரயில் ஏறித் தங்கை வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன்.

"பயமா? எனக்கா?" இது ரெங்கசாமியின் வாயிலிருந்து நாளுக்கு ஒரு தடவையாவது வரும். நாய் துரத்தினாலும் இதுதான், பட்டறையில் போர்மன் கூப்பிட்டு அனுப்பினாலும் இதுதான். வெறும் வாய்ச் சவடால் என்றும் தள்ளிவிட முடியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்துப் பெருவெள்ளத்தில், கல்யாணமான புதிதில், பக்கத்து வீட்டு டிரங்குப் பெட்டியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனபோது அதை மீட்கிறேன் என்று குதித்துவிட்டார். பெட்டி போயே போய்விட்டது. வெகு நேரம் கழித்து யாருடையதோ ஒரு கோழிக்கூண்டோடு திரும்பி வந்தார். அதுவரை தனம் ரயில் மேடையில் நனைந்துகொண்டே நின்றாள். வந்தவருக்கு ஒரு நடுக்கம், ஒரு பதற்றம் இருக்கட்டுமே! "கோழியெல்லாம் உசுரோட இருக்கா பாரு" என்றாராம். அன்றைக்கு அவள் வயிற்றில் புகுந்த பயம் பிறகு இறங்கவே இல்லை.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஆகாயத்தைக் காட்டியவர்கள் துரைமார்கள். அவர்கள் வைத்திருந்த பறக்கும் கிளப்பில் விமானத்துத் துணி கிழிந்தால் தைக்க ஆள் வேண்டும். அந்தக் காலத்து விமானம் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியதுதானே. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் போய்த் தைத்துக் கொடுத்தார். கூலி வேண்டாம், ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்றார். அங்கிருந்த வாத்தியார் துரை தமாஷ் பேர்வழி, சரி என்றுவிட்டார். வாத்தியார் கூடவே உட்கார்ந்திருக்க இவர் பல ஞாயிறுகள் மேலே போய் வந்தார். வீட்டில் சொன்னதென்னவோ துணி தைக்கப் போவதாகத்தான்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. முப்பத்தைந்தாம் வருஷம் என் சரக்குக் கொட்டகையில் சில மரப்பெட்டிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. எவரோ ஒரு தோட்டத்துத் துரை சீமையிலிருந்து வரவழைத்தது. வீட்டிலேயே கோத்து முடிக்கிற சின்ன விமானம், ஒரே ஆள் உட்காருகிற மாதிரி. பெட்டிகள் வந்து சேர்வதற்குள் துரை வேலையை விட்டுக் கப்பலேறிவிட்டார். ரயில்வே ஏலம் போட்டபோது ஓர் ஆளும் கையைத் தூக்கவில்லை. இதை நான் சோறு சாப்பிடும்போது வாய் சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன். ரெங்கசாமி கை கழுவக்கூட இல்லை. "மச்சான், அந்தப் பெட்டிய யாரும் தொடாம பாத்துக்குங்க" என்றார்.

அவர் அடிமாட்டு விலைக்கு வாங்கிய பெட்டிகள் லோரியில் வந்து இறங்கிய அன்றே தனம் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "எல்லாம் உன்னாலதான் அண்ணே" என்று எனக்கு ஒரு பாட்டம் திட்டு விழுந்தது. மறுநாள் மாப்பிள்ளை வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை ரகசியமும் உடைந்து, அழுகையும் வசையும் ஓய்ந்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். விமானத்தைக் கோத்துக்கொள்ளலாம். ஆனால் தனம் தன் வாயால் "போங்க" என்று சொல்லாமல் அவர் ஓர் அங்குலம்கூட மேலே கிளம்பக் கூடாது. அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். ரெங்கசாமி எதில் புளுகினாலும் சத்தியத்தில் புளுக மாட்டார். அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

"அவ சொல்லுவா மச்சான். வால் முடியட்டும், தானா சொல்லுவா" என்றார் என்னிடம். நான் அப்போதே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், அவள் சொல்லவே மாட்டாள்.

கூட வந்த வரைபடத்தில் வேலையை வாலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருந்தது. வால் என்றால் ஒரே துண்டு இல்லை. படுக்கையாக ஒரு சின்ன இறக்கை, அதன் பின் ஓரத்தில் கீல் போட்டு ஆடுகிற இரண்டு மடக்குப் பலகைகள். இவை மேலே மடங்கினால் விமானத்தின் மூக்கு தூக்கும், கீழே மடங்கினால் தாழும். அப்புறம் நட்டுக்குத்தாக நிற்கிற சுக்கான், படகுக்கு இருப்பது போலத்தான், இடம் வலம் திருப்ப. பலகை என்று பேரே தவிர எல்லாமே மெல்லிய மரக்குச்சிச் சட்டங்கள். ஒரு கையால் தூக்கிவிடலாம்.

வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு மேசையில் படுக்கை இறக்கை. துணிக் கொடியில் சுக்கான். சாமி படத்துக்குக் கீழே இருந்த பெஞ்சியில் மடக்குப் பலகைகள், பிசின் காய்வதற்காக மேலே செங்கல் வைத்து. அந்தப் பிசின் பாலிலிருந்து எடுத்த மாவு, தண்ணீரில் கரைத்தால் புளித்த மோர் நாற்றம் அடிக்கும். பக்கத்து வீட்டு நல்லம்மாளின் பூனை வந்து நக்கிவிட்டுப் போய் இரண்டு நாள் வாயைத் திறக்க முடியாமல் முழித்தது. நல்லம்மாள் வந்து போட்ட சண்டையில் பாதி பிரிக்பீல்ட்ஸுக்கு விமானச் செய்தி பரவியது. துணி விறைப்பதற்குப் பூசுகிற மருந்தோ, அழுகப் போகிற வாழைப்பழ வாசனை. அது பூசுகிற நாளில் எனக்குத் தலை சுற்றி, சாப்பாடு நன்றாக இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

சட்டம் கோத்து முடிந்ததும் துணி போர்த்த வேண்டும். சீமை லினன் துணி. போர்த்திய துணியைச் சட்டத்தின் ஒவ்வொரு குச்சியோடும் சேர்த்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் துணி உப்பிவிடும். மெழுகு தேய்த்த நூல், ஒரு சாண் நீளத்துக்கும் மேலே ஊசி. இது ஒற்றை ஆள் வேலை இல்லை. இந்தப் பக்கத்து ஆள் ஊசியைக் குத்தி அனுப்ப, அந்தப் பக்கத்து ஆள் வாங்கி இழுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். என்னை உட்கார்த்தி வைத்துப் பார்த்தார். என் விரலில் ரத்தம் வந்ததும் ஊசியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள் தனம். "தள்ளு அண்ணே, துணியில கறை படப் போவுது" என்றாள். என் விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சுக்கானை நடுவில் நிறுத்தி, இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்து தைத்ததை நான் நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் துணி, முகம் தெரியாது. ஊசி மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பாசார் விலைவாசி பேசினார்கள். அப்புறம் ஊசி அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"என்னங்க."

"ம்."

"இது மேல போறப்ப உங்களுக்குக் கொஞ்சம்கூடப் பயமா இருக்காதா?"

"பயமா? எனக்கா?" என்று சிரித்தார் இவர். "ஊசிய அனுப்பு."

ஊசி வந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தையலுக்கும் அவள் நூலை வெடுக்கென்று இழுத்தாள். எனக்கு அந்த மனுஷன் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போலிருந்தது.

மற்ற வேலைகளையும் முடிக்க வருஷம் ஒன்று போயிற்று. உடம்பு, பெரிய இறக்கை, மோட்டார் சைக்கிளுக்கு வைக்கிற மாதிரி ஓர் எஞ்சின். இதையெல்லாம் வைக்க வீட்டில் இடமில்லாததால் கிள்ளானுக்கு வடக்கே மேரு என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பந்து விளையாடுகிற திடலின் ஓரத்தில் இருந்த பழைய ரப்பர் கொட்டகையைக் கேட்டு வாங்கினார். தனம் ஒவ்வொரு ஞாயிறும் சோற்று மூட்டையோடு கூடவே வந்தாள். துணி தைத்தாள், மருந்து பூசினாள். மடக்குப் பலகைகளுக்குச் சிவப்பு வர்ணம்தான் வேண்டும் என்று சொல்லி அவளே அடித்தாள். ஆனால் "போங்க" என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. மாப்பிள்ளை ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், ஒரு தடவை கோபித்துச் சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். "சாப்பாடு மிச்சம்" என்றாள். பறக்காமலே அந்த விமானம் அந்தக் கொட்டகையிலேயே உளுத்துப்போய்விடும் என்று அவருக்கே பயம் வந்துவிட்டது என நினைக்கிறேன், முகம் அப்படி வாடிக் கிடந்தது.

சர்க்கார் விதிப்படி பறப்பதற்கு முன் விமானத்தை ஓர் இஞ்சினியர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பென்னட் துரை என்பவர் வந்தார். நல்ல மனுஷர், பொறுமைசாலி, எங்களோடு மலாயில் பேசுவார், நாங்களும் அவரைத் துவான், அதாவது ஐயா, என்று மலாயிலேயே கூப்பிடுவோம். எஞ்சினைப் பார்த்தார், கம்பிகளை இழுத்துப் பார்த்தார், தையலைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். மாப்பிள்ளைக்கு மார்பு விரிந்துகொண்டே போனது. கடைசியாக வாலுக்கு வந்து, மடக்குப் பலகைகளைக் கீலிலிருந்து கழற்றச் சொன்னார். இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தார். இரண்டும் ஒரே எடையாக இருக்க வேண்டும். வலது பக்கத்துப் பலகை கனத்தது. அதை மெல்லச் சாய்த்தார்.

சரசரவென்று உள்ளே என்னவோ ஓடியது.

மறுபடி இந்தப் பக்கம் சாய்த்தார். சரசர. தகரக் கூரையில் தூறல் விழுவது போல.

பென்னட் துரை நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்டார். மாப்பிள்ளை விழித்த விழிப்பைப் பார்த்தால் இது அவருக்கே புதுசு என்று தெரிந்தது. "பிசின் காஞ்சு உதிர்ந்திருக்கும் துவான்" என்றார்.

"பூக்கா" என்றார் துரை. திறந்து காட்டு என்று அர்த்தம்.

ஒரு சுருக்கம் தெரிந்தால்கூடப் பிரித்துத் தைக்கிற மனுஷன் அன்றைக்குத் தயங்கினார். வேண்டாம் துவான், எல்லாம் சரியாக இருக்கிறது, துணி வீணாகும் என்று என்னென்னவோ சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தனமோ முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். துரை விடவில்லை. ஆடுகிற பலகைக்குள் ஒரு பொருள் உருண்டு கீல் பக்கம் போய்ச் சிக்கினால் பலகை மடங்காது, மேலே போனவன் போனவன்தான் என்றார். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை கத்தியை எடுத்துச் சிவப்புத் துணியை ஒரு கோடு கிழித்தார்.

நெல்லும் எள்ளும் பயறும் கொள்ளுமாகப் பொலபொலவென்று தரையில் கொட்டின. பின்னாலேயே அவிழ்ந்துபோன மஞ்சள் துணி ஒன்றும் ஒரு வெள்ளிக் காசும் விழுந்தன.

எங்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு நிலை வைக்கும்போது நவதானியமும் காசும் மஞ்சள் துணியில் முடிந்து நிலையில் கட்டுவது உண்டு. குடியிருக்கிறவர்களுக்கு ஒன்றும் நேராமல் இருக்க. தனம் அதையே விமானத்துக்கும் செய்திருக்கிறாள்.

"நான்தான் வெச்சேன்" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே. "இவரு வேலைக்குப் போயிருந்தப்ப, ஒரு பக்கம் துணி மூடாம கெடந்துச்சு. உள்ள வெச்சுட்டேன். மாரியாத்தாள வேண்டிக்கிட்டு வெச்சேன். முடிச்சு அவுந்துரும்னு எனக்குத் தெரியுமா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏம்மா, பறக்கிற ஆளக் காப்பாத்த வெச்சது அவரையே கவுத்திருக்குமே" என்றேன். நியாயமாக மாப்பிள்ளை அப்போது வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்திருக்க வேண்டும். அவர் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. குனிந்து தானியங்களைப் பொறுக்கினார். "பரவால்ல தனம், பரவால்ல" என்று வேறு சொன்னார். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. இந்த ஆள் இவ்வளவு பதமாகப் பேசினால் எங்கேயோ இடிக்கிறது என்று பட்டது.

பென்னட் துரைக்கும் பட்டிருக்க வேண்டும். ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்றார். இடது பலகையைச் சாய்த்துப் பார்த்தார், சத்தமில்லை. படுக்கை இறக்கையிலும் இல்லை. சுக்கானைத் தொட்டதும் மாப்பிள்ளை முன்னால் வந்து, "அதுல ஒண்ணும் இல்ல துவான், சத்தமே வராது, ஆட்டிப் பாருங்க" என்றார். ஆட்டினார், சத்தம் வரவில்லைதான். ஆனால் சுக்கானுக்கு இன்னும் வர்ணம் அடித்திருக்கவில்லை. துரை அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலுக்குப் போய் வெயிலுக்கு நேரே பிடித்தார்.

மருந்து பூசிய லினன் வெயிலில் எண்ணெய்த் தாள் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே குச்சிகள் மீன் முள் போல வரிசையாகத் தெரிந்தன. அடிமூலையில், இரண்டு குச்சிகள் சேருகிற இடத்தில், எலுமிச்சம்பழ அளவில் கறுப்பாக ஒரு முண்டு.

"தனம், இதுவும் நீதானா?" என்றேன்.

"இல்லண்ணே, சத்தியமா இல்ல. நான் ஒண்ணுதான் வெச்சேன்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் திடலில் மேய்ந்துகொண்டிருந்த மாட்டைப் பார்த்தார்.

இந்தத் தடவை கத்தியை நான் எடுத்தேன். வெளியே வந்தது சின்ன முடிச்சு. துணி மஞ்சளில் நனைத்தது, ஆனால் எங்கள் வீட்டுப் பழைய புடவை இல்லை, சீமை லினன் துண்டு. கட்டியிருந்தது மெழுகு நூலால். குச்சியோடு சேர்த்து, ரயில் இருக்கைக்குப் போடுகிற முடிச்சு போட்டு, ஆடாமல் அசையாமல் இறுக்கியிருந்தது. மலாய் நாடு முழுக்கத் தேடினாலும் அந்த முடிச்சைப் போட வேறு கை கிடையாது.

உள்ளே ஒரு காசும் பத்துமலைக் கோயில் விபூதியும் இருந்தன.

பென்னட் துரை, ஏதோ வீட்டு விஷயம் என்று புரிந்துகொண்டு, எஞ்சினைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் நகர்ந்தார். நல்ல மனுஷர் என்று சொன்னேனே.

தனம் அந்த முடிச்சை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்றாள்.

மாப்பிள்ளை மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பத்திரமா இறங்கணும்னு."

"நல்லா பறக்கணும்னு வேண்டிக்கலயா?"

"அத எஞ்சின் பாத்துக்கும். இறங்குறதுதான்..." அந்தப் பெரிய உருவம் அப்படிக் கூனிக் குறுகி நின்றதை நான் அதுவரை கண்டதில்லை.

"அப்ப உங்களுக்கும் பயம் இருக்கு."

"வாத்தியார் துரை கூட போறப்பவே கால் ஆடும் தனம். வெளிய சொன்னா நல்லாவா இருக்கும்? நீ ஏற்கெனவே பயந்துக்கிட்டு இருக்க. நானும் பயப்படுறேன்னு சொன்னா நீ என்ன ஆவ?"

தனத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் கோபத்தில்தான் பேசினாள். "கூறுகெட்ட மனுசா! நீங்க மேல போறீங்கன்னா நான் பயந்தேன்? பயமே தெரியாம போறீங்கன்னுதான் பயந்தேன். பயம் இல்லாதவன் எங்க திரும்பணும்னு பாக்க மாட்டான். பயந்தவன்தான் பாத்து இறங்குவான், வீட்டுக்கு வந்து சேருவான். இத்தன வருஷம் இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்ல?"

பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கிழிந்த சுக்கானைப் பார்த்தாள்.

"இத மறுபடி தைக்கணும். ஊசிய எடுங்க. தைச்சு முடிச்சிட்டுப் போங்க."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டதை நான்தான் முதலில் கவனித்தேன். மாப்பிள்ளைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் ஊசியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டே இருந்தார், வெகு நேரம் நிமிரவில்லை.

அடுத்த ஞாயிறு பென்னட் துரை மறுபடி வந்து, எல்லாவற்றையும் சாய்த்து, ஆட்டி, வெயிலில் பிடித்துப் பார்த்துச் சரி என்றார். ஆனால் திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தென்னை மர உயரத்துக்கு மேல் போகாமல் நேராகப் போய் இறங்க வேண்டும் என்று கட்டளை. இரண்டு காசையும் ஒரே துணியில் முடிந்து மாப்பிள்ளை சட்டைப் பையில் தனம் வைத்து ஊசி குத்தினாள். அதற்குத் துரையிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் வைத்தாள். தோட்டத்து ஜனங்கள் குழந்தை குட்டியோடு திடலைச் சுற்றி நின்றார்கள். நல்லம்மாள்கூட பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருந்தாள், பூனைக்கு நியாயம் கிடைக்குமா என்று பார்க்க.

எஞ்சின் இருமியது, பிடித்துக்கொண்டது. விமானம் புல்லில் குதித்துக் குதித்து ஓடியது. சிவப்புப் பலகைகள் மேலே மடங்கின. சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. என் தங்கை தைத்த வால் ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று இன்றைக்கும் தெரியாது. தனம் கத்தவில்லை. கண்ணை மூடவும் இல்லை, அவர் இறங்கி நிற்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

இறங்கும்போது இரண்டு குதி குதித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ரப்பர் மரங்களுக்கு முன்னால் நின்றது. கூட்டம் ஓடியது. பென்னட் துரை கையை நீட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளை கீழே இறங்கினார். துரையின் கையைக் கவனிக்கவில்லை. மாலையோடு நின்ற கங்காணியைக் கவனிக்கவில்லை. நேராக தனத்திடம் வந்து, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, பெரிய குரலில் சொன்னார்:

"தனம், ரொம்பப் பயந்துட்டேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். "கை நடுங்குது பாரு" என்று நீட்டிக் காட்டினார். உண்மையிலேயே நடுங்கியது. என் தங்கை அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஊரே பார்க்கிறதே, அண்ணன் பக்கத்தில் நிற்கிறானே என்ற கூச்சமெல்லாம் அன்றைக்கு அவளுக்கு இல்லை. லோரியில் திரும்பும்போதும் விடவில்லை. முன்னால் அவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்ததில் எனக்கு இடமில்லை. நான் பின்னால், சுக்கானுக்கு வர்ணம் அடிப்பதற்காகக் கழற்றிவைத்த வாலைக் காற்று அடித்துக்கொண்டு போகாமல் பிடித்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வரை உட்கார்ந்து வந்தேன்.